கணக்கில் நகரம், சட்டத்தில் கிராமம்

தூத்துக்குடி மாநகரத்தின் வடக்கு ஓரத்தில், உப்பளங்களுக்கும் கடலுக்கும் அருகே இருக்கிறது மாப்பிள்ளையூரணி. மாநகரம் எங்கே முடிகிறது, இந்த ஊர் எங்கே தொடங்குகிறது என்பதைப் பெயர்ப்பலகை பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் இங்கிருந்து கிளம்புகிறவர்கள் துறைமுகத்துக்கும் உப்பளத்துக்கும் கடைகளுக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்த ஊரை நகரம் என்று பதிவு செய்தது. அப்போது இந்த ஊரை நிர்வகித்தது ஊராட்சி மன்றம். கணக்கெடுத்தவர்களுக்கு நகரம், ஆள்பவர்களின் ஏட்டில் கிராமம்.

இத்தகைய ஊர்களைக் ‘கணக்கெடுப்பு நகரம்’ என்கிறார்கள். அதற்கு மூன்று அளவுகோல்கள் உண்டு. குறைந்தது 5,000 பேர் வாழ வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்க வேண்டும். முதன்மைத் தொழிலாளர்களான ஆண்களில் நூற்றுக்கு 75 பேராவது வேளாண்மை அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தியும் மாநகராட்சியாகவோ நகராட்சியாகவோ பேரூராட்சியாகவோ ஆகாத ஊர் இந்தப் பட்டியலில் சேரும். 2001-இல் இந்தியா முழுவதும் 1,362 கணக்கெடுப்பு நகரங்கள் இருந்தன. 2011-இல் அவை 3,894 ஆகிவிட்டன. தமிழ்நாட்டில் மட்டும் 111-இலிருந்து 376 ஆகப் பெருகின. பத்தே ஆண்டுகளில் நாட்டின் வாழ்க்கை இவ்வளவு மாறியிருக்கிறது. ஆட்சிமுறை அந்த வேகத்தில் மாறவில்லை.

இதை அதிகாரிகள் தீர்க்க வேண்டிய எல்லைச் சிக்கலாக எடுத்துக்கொண்டு கடந்துவிடலாம். ஆனால் இதற்கு அடியில் மனிதகுலத்தின் மிகப் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. ஓர் ஊரை நகரமாக்குவது எது? அங்கே புழங்கும் பணமா, கூடியிருக்கும் ஆள்தொகையா, அந்த மனிதர்கள் ஒருவருக்கொருவர் ஏற்றுக்கொண்ட கடமையா? நகரம் வளர்ந்தால் நாடு வளரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த வளர்ச்சி எதற்காக, யாருக்காக என்று கேட்பது பொருளாதாரத்தோடு முடிவதில்லை. அறத்தையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நகரத்துக்கும் செல்வத்துக்கும் உறவு உண்டு என்பதில் ஐயமில்லை. சந்தை எவ்வளவு விரிகிறதோ அவ்வளவுக்கே தொழில்கள் பிரிந்து நுட்பம் பெறும் என்று 1776-இல் ஆடம் ஸ்மித் விளக்கினார். இருபது வீடுள்ள ஊரில் கொல்லர்தான் ஆணியும் அடிப்பார், ஏரும் செய்வார். ஆயிரக்கணக்கானவர் கூடும் இடத்தில் ஆணிக்கு ஒருவர், அச்சுக்கு ஒருவர் என்று தனித்தனியே தேர்ச்சி பெற முடியும். ஒரே தொழில் செய்வோர் ஓரிடத்தில் குவியும்போது அந்தத் தொழிலின் சூட்சுமங்கள் யாருக்கும் மறைபொருளாக இருப்பதில்லை என்று 1890-இல் ஆல்ஃபிரட் மார்ஷல் சேர்த்துச் சொன்னார். தூத்துக்குடியே இதற்குச் சான்று. 1876 ஜனவரி 1 அன்று மணியாச்சியிலிருந்து ரயில் வந்து சேர்ந்தது. கரிசல் காட்டுப் பருத்தி கப்பலுக்கு விரைந்தது. அதற்கடுத்த ஆண்டுகளில் ஹார்வி சகோதரர்களின் கோரல் பஞ்சாலை எழுந்தது. பருத்தி வண்டியோடு வந்தவர்களில் பலர் இந்த ஊரிலேயே குடியேறினார்கள்.

நாடுகளை வரிசைப்படுத்திப் பார்த்தாலும் இந்த உறவு தெரிகிறது. வருமானம் அதிகமுள்ள நாடுகளில் பெரும்பாலானோர் நகரங்களில்தான் வாழ்கிறார்கள். 2011-இல் இந்தியாவின் நகர்ப்புற மக்கள் விகிதம் 31.16 சதவீதம். தமிழ்நாட்டில் அது 48.4 சதவீதம். தொழில் வளத்திலும் கல்வியிலும் முன்னணியில் நிற்கும் மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நகரமயமே வளர்ச்சிக்கு வழி என்று முடிவு கட்டத் தோன்றும்.

அங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. டேவிட் புளூம், டேவிட் கேனிங், குந்தர் ஃபிங்க் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் 2008-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செல்வமும் நகரமும் சேர்ந்தே காணப்படுவது உண்மை. ஆனால் நகரவாசிகளின் விகிதம் கூடுவதாலேயே ஒரு நாட்டின் வளர்ச்சி விரைவுபடும் என்பதற்கு அவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2016-இல் டக்ளஸ் கோலின், ரெமி ஜெட்வாப், டீட்ரிச் வோல்ராத் மூவரும் இன்னொரு வேறுபாட்டைக் காட்டினார்கள். தொழிற்சாலைகளால் வளர்ந்த நகரங்களும் உண்டு. எண்ணெய், கனிமம் போன்ற இயற்கை வளத்தை ஏற்றுமதி செய்து வந்த பணத்தைச் செலவழிக்கும் இடமாக மட்டும் பெருத்த நகரங்களும் உண்டு. பின்னதில் கட்டடங்கள் உயரும், கடைகள் பெருகும், ஆனால் உற்பத்தித் திறன் வளராது. இரண்டும் கணக்கெடுப்பில் ஒரே எண்ணாகத்தான் பதிவாகும்.

இந்த உண்மையைத் தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கடற்கரை ஆய்வாளர்களுக்கு முன்பே கண்டிருக்கிறது.

முதலில் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகமாகச் சங்க இலக்கியம் போற்றிய ஊர். தாமிரபரணி வண்டல் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் விலகிப் போனது. இன்று கொற்கை கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூர். அடுத்து காயல். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்து வியந்த பெருந்துறை. அதையும் ஆறு தூர்த்துவிட்டது. பிறகு புன்னைக்காயல், அதன்பின் தூத்துக்குடி. வணிகம் ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குக் குடிபெயர்ந்தபோது செல்வம் கூடவே போனது. எஞ்சிய மக்கள் உழவுக்கும் மீனுக்கும் பனைக்கும் திரும்பினார்கள். இயற்கை கொடுத்த ஒரே வசதியை நம்பி எழுந்த நகரம், அந்த வசதி நகர்ந்ததும் ஊராகச் சுருங்கியது.

முத்துச் சலாபம் என்ற முத்துக்குளிப்புப் பருவம் இதைவிடக் கூர்மையான பாடம். மன்னார் வளைகுடாவின் பார்கள் எனப்படும் கடலடித் திட்டுகளில் சிப்பி முதிர்ந்துவிட்டது என்று தெரிந்தால் சலாபம் அறிவிக்கப்படும். ஆளில்லாத மணல்வெளியில் சில நாட்களில் பல்லாயிரம் பேர் திரண்டுவிடுவார்கள். குளிப்பவர்கள், கயிறு பிடிப்பவர்கள், படகோட்டிகள், செட்டிகள், நகை வணிகர்கள், சாமியார்கள், தின்பண்டம் விற்பவர்கள் எல்லோரும் வருவார்கள். இலங்கைக் கரையில் மறிச்சுக்கட்டியில் 1905-ஆம் ஆண்டில் நடந்த சலாபம் மிகப் பெரியது. அங்கே தெருக்கள் இருந்தன. நீதிமன்றமும் மருத்துவமனையும் காவல் நிலையமும் இருந்தன. 1906-இல் இளம் அதிகாரியாக அங்கே வேலை பார்த்தவர் லெனர்ட் உல்ஃப், பின்னாளில் எழுத்தாளராகவும் பதிப்பாளராகவும் பெயர் பெற்றவர். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு மூச்சடக்கி மூழ்கியவர்களுக்கு. பருவம் முடிந்ததும் கீற்றுக் கொட்டகைகள் பிரிக்கப்பட்டன. கூட்டம் கலைந்தது.

மறிச்சுக்கட்டியில் நெருக்கம் இருந்தது, வணிகம் இருந்தது, வேளாண்மை அல்லாத தொழில் இருந்தது. கணக்கெடுப்பின் மூன்று நிபந்தனைகளும் பொருந்தும். ஆனாலும் அதை நகரம் என்று சொல்ல மனம் வருமா? அங்கே யாரும் யாருக்கும் நாளைக்குப் பொறுப்பில்லை. முத்து எடுத்தார்கள், விற்றார்கள், போனார்கள். தூத்துக்குடிப் பக்கத்தில் கடைசிச் சலாபம் நடந்தது 1961-இல். அதன் பிறகு பார்கள் மறுபடி அப்படி விளையவே இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் அரசர்களுக்கும் போர்த்துக்கீசியருக்கும் டச்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் முத்து கொடுத்த கடலோர மக்கள், வலையையும் சங்கையும் நம்பி வாழ வேண்டியதாயிற்று.

ஆனால் தூத்துக்குடி மறிச்சுக்கட்டியைப் போலக் கலைந்துவிடவில்லை. அதற்குக் காரணம் முத்து மட்டும் இல்லை. 1530-களில் முத்துத் துறையின் உரிமைக்காக நடந்த மோதலில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடிய கடலோரப் பரதவர் பெருந்திரளாகக் கிறித்தவம் தழுவினார்கள். 1542-இல் பிரான்சிஸ் சேவியர் இந்தக் கரைக்கு வந்தார். தொடக்கத்தில் பொருளும் பாதுகாப்பும் கலந்திருந்த அந்த முடிவு, தலைமுறைகள் கடந்து உயிருள்ள சமூகமாயிற்று. இன்றைய பனிமய மாதா ஆலயம் 1713-இல் எழுந்தது. ஏழு கடல்துறைக்கும் ஏக அடைக்கலத் தாய் என்று அந்த மாதாவை அழைக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் நிறைவுறும் திருவிழாவுக்கு எல்லாச் சமயத்தவரும் வருகிறார்கள். பார் வற்றிய பிறகும் ஊர் வற்றாமல் நின்றதில் இந்த ஒன்றுகூடலுக்குப் பங்கு உண்டு. பொருளுக்காகக் கூடிய மக்கள், பொருள் போன பிறகும் ஒருவரை ஒருவர் விட்டுவிடாமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள்.

நகரம் உயிர் பிழைப்பதற்காகத் தோன்றுகிறது, நன்றாக வாழ்வதற்காக நிலைக்கிறது என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. பண்டமாற்றுக்காகவும் பாதுகாப்புக்காகவும் மட்டும் ஒன்றாக வாழ்வோர் நல்ல நகரத்தை அமைத்துவிட்டதாகச் சொல்ல முடியாது என்றும் அவர் வாதிட்டார். இதே எண்ணத்தைத் தமிழ் தன் வழியில் இன்னும் கடுமையாகச் சொல்லியிருக்கிறது. சீத்தலைச் சாத்தனார் பசியைப் பற்றிக் காப்பியம் எழுத முனைந்தபோது வறண்ட சிற்றூர் ஒன்றைத் தேர்ந்துகொள்ளவில்லை. கப்பல்களும் பண்டசாலைகளும் நிறைந்த புகார் நகரத்தையே களமாக்கினார். அமுதசுரபி ஏந்திய மணிமேகலை சோறு போட்ட உலக அறவி என்ற அம்பலம் அந்தச் செல்வத் துறைமுகத்தின் நடுவில்தான் இருந்தது. சோழ மன்னனிடம் அவள் கேட்ட வரம் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்ற வேண்டும் என்பது. செல்வம் எவ்வளவு என்று கேட்பதை விட்டு, அந்தச் செல்வத்துக்கு நடுவே பசித்திருப்பவர் யார் என்று கேட்கிறது அந்தக் காப்பியம்.

வள்ளுவரும் ஒரு வரிசை தருகிறார். நாட்டுக்கு அணியாக அவர் எண்ணும் ஐந்தில் நோயின்மைக்கு முதலிடம். செல்வம் அடுத்து வருகிறது. பிறகே விளைச்சலும் இன்பமும் காவலும். ஒப்புரவைப் பேசும் இடத்தில், உலகம் விரும்பும் பேரறிவாளனின் செல்வத்தை ஊருணியில் நிறைந்த நீருக்கு ஒப்பிடுகிறார். ஊருணி யார் வெட்டியதாக இருந்தாலும் நீர் எடுக்கும் உரிமை ஊருக்கு. செல்வம் ஓரிடத்தில் குவிவதை அவர் குற்றம் சொல்லவில்லை. குவிந்த பிறகு எல்லோர் குடமும் அங்கே போக முடிகிறதா என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறார்.

அப்படியானால் நகரமே வேண்டாம், கிராமமே போதும் என்பதா? காந்தியடிகள் 1909-இல் எழுதிய ‘இந்து சுயராஜ்யம்’ நூலில் இயந்திர நாகரிகத்தையும் அதன் நகரங்களையும் ஐயத்தோடுதான் பார்த்தார். கிராமத்தின் உழைப்பைச் சுரண்டியே நகரம் கொழுக்கிறது என்பது அவர் கவலை. அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் நேர் எதிராகப் பேசினார். கிராமம் அறியாமைக்கும் குறுகிய மனப்பான்மைக்கும் வகுப்புவாதத்துக்கும் இருப்பிடம் என்றார். தெருவில் நடக்கவும் கிணற்றில் நீர் எடுக்கவும் தடைபட்டவர்களுக்கு, யார் மகன் என்று யாரும் கேட்காத நகரத் தெரு விடுதலையின் தொடக்கம். பெரியார் இன்னும் ஓர் அடி முன்னே போனார். கிராமம், நகரம் என்ற பிரிவே வருணப் பிரிவு போன்றது என்றார். கிராமத்தான் உழைக்க, நகரத்தான் அனுபவிக்க என்று ஒரு பிரிவு இருக்கும்வரை கிராமச் சீர்திருத்தம் என்ற பேச்சில் பொருளில்லை, அந்த வேறுபாடே ஒழிய வேண்டும் என்பது அவர் நிலை.

மாப்பிள்ளையூரணி போன்ற ஊரில் நின்று பார்த்தால் மூவரின் சொல்லும் ஒரே நேரத்தில் உண்மையாகிறது. நகரத்தின் வேலை இங்கே வந்துவிட்டது. பழைய கட்டுகள் சில தளர்ந்திருக்கின்றன. ஆனால் பெரியார் சுட்டிய பிரிவு புதிய உருவில் தொடர்கிறது. உழைப்பில் நகரம், உரிமையில் கிராமம் என்ற பிரிவு அது.

இந்த நிலை எவ்வளவு பழையது என்பதற்கு மான்செஸ்டர் கதையை நினைக்கலாம். உலகத்தின் முதல் தொழில் நகரம் அது. 1801-இல் அங்கே சுமார் 70,000 பேர் வாழ்ந்தார்கள். பஞ்சாலைகள் புகை கக்கிக்கொண்டிருந்தன. ஆனால் சட்டப்படி அது பண்ணை எஜமானருக்கு உட்பட்ட ஊர். இடைக்காலத்து ஊர்ச்சபைதான் அதை நிர்வகித்தது. நாடாளுமன்றத்தில் தனி இடம் இல்லை. 1819 ஆகஸ்ட் 16 அன்று வாக்குரிமை கேட்டு பீட்டர்ஸ் திடலில் கூடிய மக்கள்மேல் குதிரைப்படை பாய்ந்தது. குறைந்தது 15 பேர் உயிரிழந்தனர். 1832-இல்தான் அந்த ஊருக்கு நாடாளுமன்ற உறுப்பினர் கிடைத்தார். 1838-இல்தான் நகராட்சி வந்தது. பண்ணை உரிமைகளை எஜமானரிடமிருந்து நகராட்சி 2 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது 1846-இல்.

அதற்குள் என்ன விலை கொடுக்கப்பட்டது? எட்வின் சாட்விக் 1842-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. மான்செஸ்டரின் தொழிலாளர் குடும்பங்களில் இறப்பவர்களின் சராசரி வயது 17. ரட்லாண்ட் என்ற கிராமப் பகுதியின் தொழிலாளர்களுக்கு அது 38. உலகத்துக்கே துணி நெய்த ஊரில் குழந்தைகள் அவ்வளவு பேர் மடிந்தார்கள். செல்வம் பெருகியதால் மட்டும் இது தானாகத் திருந்திவிடவில்லை. வாக்குரிமை விரிந்தது. நகராட்சிகள் குடிநீரையும் கழிவுநீரையும் தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டன. 1870-களில் பர்மிங்ஹாம் மேயராக இருந்த ஜோசப் சேம்பர்லேன் தனியார் வசமிருந்த எரிவாயு, குடிநீர் நிறுவனங்களை நகரத்துக்கே வாங்கினார். முதலில் பணம் வரட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பவர்கள் பர்மிங்ஹாமைக் கவனிக்க வேண்டும். அங்கே பணம் நலமாக மாறியதற்கு ஊர் மக்கள் ஓர் அமைப்பாகத் திரண்டு கேட்டதும், அந்த அமைப்புக்கு அதிகாரம் இருந்ததும் காரணம்.

தூத்துக்குடியும் இதைச் செய்து காட்டிய ஊர்தான். 1866-லேயே நகராட்சியான ஊர். 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை ஆகியவை அவர்கள் கோரிக்கை. அவர்களைப் பசியில் விடாமல் ஊர் தாங்கியது. வேலைநிறுத்தத்தை எதிர்த்த வக்கீலுக்குச் சவரம் செய்ய நாவிதர்கள் மறுத்தார்கள். மார்ச் முதல் வாரத்தில் ஆலை நிர்வாகம் இறங்கிவந்தது. மார்ச் 12-இல் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. ஆலையின் செல்வம் இந்த ஊரில் வேலை கொடுத்தது உண்மை. அந்த வேலைக்கு மானத்தைச் சேர்த்தது தெருவில் கூடி நின்ற மக்கள். ஆயிரம் பேரை ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்த அதே நெருக்கம்தான் அவர்களை ஒரே குரலாகவும் ஆக்கியது. நகரம் உற்பத்தி செய்யும் பண்டங்களில் மிக உயர்ந்தது இந்தக் குரல்.

விடுதலைக்குப் பிறகு இந்தக் கரையின் முகமே மாறியது. 1974 ஜூலை 11 அன்று தூத்துக்குடி பெருந்துறைமுகமாயிற்று. 1975-இல் ஸ்பிக் உர ஆலை, 1978-இல் கனநீர் ஆலை, 1979-இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அனல்மின் நிலையம் ஐந்து அலகுகளோடு 1,050 மெகாவாட் திறன் பெற்றது. 2008-இல் மாநகராட்சி அமைந்தது. 2025 ஜூலை 26-இல் விமான நிலையத்தின் புதிய முனையமும், ஆகஸ்ட் 4-இல் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலையும் திறக்கப்பட்டன. இவை ஒவ்வொன்றும் பல குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்தவை. இவற்றைச் சிறுமைப்படுத்திப் பேசுவது, வேலைக்காக ஊர் ஊராக அலைந்த தலைமுறையை அவமதிப்பது.

ஆனால் இதே கரையில்தான் உப்பளங்களும் இருக்கின்றன. உப்பு விளைச்சலில் இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்தில் விளைகிறது. விடியுமுன் பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறார்கள். வெயில் ஏறினால் வெள்ளைப் பரப்பின் ஒளி கண்ணைக் கெடுக்கும், உவர்நீர் பாதத்தைப் புண்ணாக்கும். ராஜம் கிருஷ்ணன் 1979-இல் ‘கரிப்பு மணிகள்’ நாவலில் பதிவு செய்த வாழ்க்கை இது. மழை மாதங்களில் வேலை இருக்காது. அந்தக் காலத்துக்கு நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-இல்தான் தொடங்கியது. துறைமுகத்துக்கும் மின்நிலையத்துக்கும் பல பத்தாண்டுகள் கழித்து இந்தச் சிறு உதவி வந்தது.

உப்பளங்களில் பாதி வேலை பெண்களின் தலையில் ஏறிப் போகிறது. கணக்கெடுப்பின் மூன்றாவது அளவுகோலை இங்கே மறுபடி படிக்க வேண்டும். வேளாண்மை அல்லாத தொழிலில் உள்ள ஆண்களை மட்டும்தான் அது எண்ணுகிறது. உப்புச் சுமக்கும் பெண், மீன் கூடை தூக்கும் பெண், தையல் ஆலைக்குப் போகும் பெண் ஆகியோரின் உழைப்பு ஓர் ஊரை நகரமாக்குவதில் கணக்கில் வராது. பெண்களின் வேலை கணக்கெடுப்பில் விட்டுப்போகும், பருவத்துக்கு ஏற்ப மாறும் என்று அதற்குக் காரணம் சொல்லலாம். ஆனால் எதை எண்ணுகிறோமோ அதையே மதிக்கத் தொடங்குகிறோம். எண்ணாததை மறந்துவிடுகிறோம்.

2018 மே 22-ஐத் தூத்துக்குடி மறக்கவில்லை. 1996-இல் தொடங்கிய ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறன் கொண்டது. அது மூடப்பட்ட பிறகு தாமிரத்தை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா இறக்குமதியை நம்பும் நாடானது. இழப்பு உண்மை. வேலை இழந்தவர்களின் துயரமும் உண்மை. ஆனால் காற்றும் நீரும் கெடுகின்றன என்று நூறாவது நாளாகப் போராடியவர்கள் அன்று ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்தார்கள்; அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். ஆலையைத் திறக்கக் கோரிய மனுவை 2024 பிப்ரவரி 29-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நோயின்மையைச் செல்வத்துக்கு முன்னால் வைத்த வள்ளுவரின் வரிசையை இந்த ஊர் மக்கள் தங்கள் உயிரைக் கொடுத்து நினைவூட்டினார்கள். வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எங்களைக் கேட்டுச் செய்யுங்கள் என்றுதான் சொன்னார்கள். மான்செஸ்டரின் திடலில் நின்றவர்கள் கேட்டதும் அதுதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை இன்னொன்றைக் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. தூத்துக்குடியின் பல பகுதிகளில் நாட்கணக்கில் நீர் தேங்கி நின்றது. வெள்ளம் எது மாநகராட்சி எல்லை, எது ஊராட்சி எல்லை என்று பார்த்து ஓடுவதில்லை. ஓர் எல்லைக்குள் ஓடையை மூடினால் அடுத்த எல்லைக்குள் வீடு மூழ்கும். ஒரே நீர்வழியில் வாழ்பவர்கள் சட்டத்தில் வெவ்வேறு ஊர்க்காரர்களாக இருக்கலாம், விதியில் ஒரே ஊர்க்காரர்கள்.

இவ்வளவுக்கும் தீர்வு மாநகராட்சியோடு சேர்த்துவிடுவது என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. மாநகராட்சியோடு சேர்க்கப்படும் என்ற அறிவிப்பு வந்தால் பல ஊராட்சிகளில் எதிர்ப்பு எழுகிறது. அந்த எதிர்ப்பை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. ஊராட்சியாக இருந்தால் வரி குறைவு. வேலை உறுதி போன்ற ஊரகத் திட்டங்கள் கிடைக்கும். 2004-இல் தமிழ்நாடு அரசே 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்புச் சிற்றூராட்சிகளாக மாற்றியதும், ஊரக வளர்ச்சி நிதியை எதிர்பார்த்துத்தான். இரண்டே ஆண்டில் அவை மீண்டும் பேரூராட்சிகளாக மாற்றப்பட்டன. இன்னும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஊராட்சியில் வாக்காளர் ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம், தீர்மானம் போடலாம். மாநகராட்சியில் சேர்ந்த அன்றே அந்தச் சபை இல்லாமல் போகிறது. நகரங்களுக்கென்று 2022-இல் பகுதி சபைகள் தொடங்கப்பட்டன. அவை இன்னும் வேர்பிடிக்க வேண்டும்.

ஆக, மாப்பிள்ளையூரணி போன்ற ஊர்களின் முன்னால் வைக்கப்படும் தேர்வே நியாயமற்றது. ஒரு பக்கம் சாக்கடை, குடிநீர், சாலை. மறுபக்கம் எழுந்து நின்று கேள்வி கேட்கும் உரிமை. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால், அந்த நகரமயம் பொருளைக் கொடுத்து அறத்தைப் பறிக்கிறது. வளர்ச்சி என்பது மனிதர்களின் சுதந்திரம் விரிவது என்று அமர்த்தியா சென் 1999-இல் எழுதினார். அந்த அளவுகோலில் பார்த்தால், குழாயும் வேண்டும், குரலும் வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றது முழுமையாகாது.

நகரங்கள் செல்வத்தை உண்டாக்கும். அதைத் தடுக்க யாராலும் முடியாது, தடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் மனிதர்கள் நெருங்கி வாழ்வது முதல் படி மட்டுமே. நெருங்கியவர்கள் ஒருவர் நலத்துக்கு ஒருவர் பொறுப்பேற்கும் அமைப்பு இல்லாவிட்டால், அந்த நெருக்கம் சலாபக் கூடாரமாகவே நின்றுவிடும். கொற்கையும் மறிச்சுக்கட்டியும் ஒரு வகை, 1908-இன் தூத்துக்குடி இன்னொரு வகை. எந்த வகையாக வளரப் போகிறோம் என்பதை ஆறும் முத்தும் முடிவு செய்த காலம் போய்விட்டது. இனி அது மனிதர்களின் தீர்மானம்.

2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இன்னும் பல நூறு ஊர்கள் தங்களை அறியாமலே நகரமாகப் பதிவாகும். அந்தப் பட்டியல் வெளிவரும்போது அரசு மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். பெண்களின் உழைப்பையும் சேர்த்து நகரத்தை அளக்க வேண்டும். எல்லையை மாற்றுமுன் அந்தந்த ஊரின் கிராம சபையைக் கூட்டி, வரி எவ்வளவு ஏறும், குடிநீரும் வடிகாலும் எந்த ஆண்டுக்குள் வரும் என்று எழுத்தில் கொடுத்து ஒப்புதல் கேட்க வேண்டும். மாநகராட்சியில் சேரும் ஊர்களுக்குக் கிராம சபைக்கு நிகரான அதிகாரம் உள்ள பகுதி சபையை முதல் நாளிலிருந்தே அமைத்துத் தர வேண்டும். இப்படிப்பட்ட ஊர்களில் வாழும் வாசகர்கள், அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்குப் போய் இந்த மூன்றையும் தீர்மானமாக முன்மொழியுங்கள். அதற்கான உரிமை இன்று உங்கள் கையில் இருக்கிறது.